தரை காயும் நேரம்

என் அக்காவின் கணவரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் "பத்தரை" என்றுதான் சொல்வார்கள். காலை பத்தரை மணிக்கு அவர் வீட்டுத் தரையைத் துடைத்து முடிப்பார். அதன் பிறகு இருபது நிமிடம், தரை காயும்வரை, அந்த வீட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. கூரியர்காரருக்கு இது தெரியும். சிலிண்டர் கொண்டுவருபவருக்குத் தெரியும். "பத்தரை ஆயிடுச்சு, சுத்திட்டு அப்புறம் வா" என்று வாசல் காவலாளியே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அக்கா மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "ஆமா, பத்தரை மாத்துத் தங்கம். கொஞ்சம் காது கேக்காத தங்கம், அவ்வளவுதான்" என்பாள்.

காது போனது அச்சகத்தில். ஒரு பெரிய நாளிதழ் அச்சாகும் இடத்தில் இருபத்திரண்டு வருடம் இயந்திரம் ஓட்டியவர் அத்தான். வலது காது சுத்தமாக அடைத்துக்கொண்டது. இடது காதுக்கும் நாம் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். அச்சகத்தை ஊருக்கு வெளியே வெகுதூரம் மாற்றியபோது அவர் கூடப் போகவில்லை. அக்கா அறுவை சிகிச்சைக் கூடத்தில் நர்ஸ். காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் முதல் நோயாளிக்கு முன்னால் போய்ச் சேர முடியும். மகளுக்கு அப்போது ஐந்து வயது. "நீ உன் வேலையைப் பாரு. இனிமே வீடு என்னோட டிபார்ட்மெண்ட்" என்று அத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

முதலில் ஆறு மாதம் தடுமாறினார். பால் பொங்கும், துணியில் சாயம் ஏறும், மகளின் இரட்டைப் பின்னல் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கும். அப்புறம் இயந்திரத்தைப் பழகிய மாதிரி வீட்டையும் பழகிக்கொண்டார். பால், டிபன் டப்பா, பின்னல், பள்ளிப் பேருந்து, துணி, பாத்திரம். எல்லாம் முடிந்து கடைசியில் தரை. இரண்டு வாளி வைத்துக்கொள்வார். ஒன்று மாப்பைப் பிழிய, ஒன்று நல்ல தண்ணீருக்கு. துடைத்து முடித்ததும் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு குவளையை ஹாலின் நடுவில் ஊற்றுவார். அது தானாகவே பால்கனிப் பக்கம் நகர்ந்து, மூலையிலிருக்கும் ஓட்டை வழியே இறங்கிவிடும். தரை போட்ட கொத்தனார் வாட்டம் அப்படி வைத்திருந்தார். தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு, சமையலறையில் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, காலைக் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொள்வார். இறங்கினால் தடம் விழும். அந்த இருபது நிமிடம் அவருக்குச் சிறைதான்.

அங்கேதான் எழுத ஆரம்பித்தார்.

வலைப்பூ என்று ஒன்று இருப்பதை அவர் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு, யாரிடமும் கேட்காமல் தானே ஒன்றைத் திறந்துகொண்டார். தினம் நாலு வரி, மிஞ்சினால் பத்து வரி. வீட்டில் அன்று நடந்தது மட்டும். அரசியல் கிடையாது, அறிவுரை கிடையாது. "இன்று வெங்காயத்தில் பாதி அழுகல். மீதி பாதி நன்றாக அழ வைத்தது." "துணி ஏழு மணிக்குப் போட்டேன், பத்துக்குக் காய்ந்துவிட்டது, காற்றுக்கு இன்று வேறு வேலை இல்லை." இப்படி.

அக்கா மகள் தன் பதினொரு வயதில் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். 

"அப்பா, வெங்காயம் அழுகினதை யாருப்பா படிப்பாங்க?"

"எட்டு பேர் படிக்கிறாங்கம்மா. கீழ கணக்கு காட்டுது பாரு."

"அதுல நாலு பேர் தெரியாம வந்திருப்பாங்க."

"தெரியாம வந்தவங்களும் படிச்சுட்டுத்தானே போயிருப்பாங்க" என்றார் அத்தான், அசராமல்.

அந்த எட்டுப் பேரில் நானும் ஒருத்தி என்று அவர் நம்பினார். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்ப்பவள். கடையிலிருந்து அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போகும்போதெல்லாம் "படிச்சேன் அத்தான், சூப்பர்" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் திறந்துகூடப் பார்த்ததில்லை.

எழுதியது போக மீதி நேரத்தில் அவர் இணையத்தில் செய்தி தேடுவார். நாளிதழைக் கையால் தொட மாட்டார். தொலைக்காட்சிச் செய்தி ஓடினால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் நான் கேட்டேன். "இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட பேப்பர் அத்தான். அதைப் போய் இப்படி வெறுக்கிறீங்களே?"

"வெறுப்பில்லம்மா. சமையல்கட்டுல வேலை பார்த்தவன் அந்த ஓட்டல்ல சாப்பிட மாட்டான் இல்லையா, அந்த மாதிரி." பிறகு சொன்னார்: "ஒரு தடவை ஒரு பாலத்துல விரிசல்னு செய்தி. அச்சு பிளேட் மாட்டி, இரண்டாயிரம் காப்பி ஓடியாச்சு. நிறுத்துன்னு போன் வந்துச்சு. நிறுத்தினோம். புது பிளேட் வந்துச்சு. பாலம் இருந்த இடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? தினமும் தண்ணி நிறைய குடிங்கன்னு ஒரு மருத்துவக் குறிப்பு. அந்த இரண்டாயிரம் காப்பியையும் நான்தான் கட்டுக்கட்டாக் கிழிக்கிற மெஷினுக்குள்ள போட்டேன்."

அன்றிலிருந்து தூக்கப்பட்ட செய்திகள் எங்கே போகின்றன என்ற கேள்வி அவரை விடவில்லை. அவை போய் ஒதுங்கும் இடங்களைத் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு தளத்திலிருந்து இன்னொன்று, அதன் கீழே யாரோ போட்ட இணைப்பிலிருந்து மற்றொன்று. ஓய்வுபெற்ற இரண்டு ரயில் ஓட்டுநர்கள் நடத்திய ஒலிபரப்பு. மருந்துகளின் உறையை மட்டும் படித்து விளக்கும் ஒரு மருந்தாளுநரின் பக்கம். அப்படித்தான் கட்டடம், சாலை, சாக்கடை பற்றி மட்டுமே எழுதும் ஒரு சின்ன இணைய இதழைக் கண்டுபிடித்தார். மூன்று பேர் சேர்ந்து நடத்துவது. விளம்பரமே கிடையாது. வாசகர்கள் ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். அத்தான் வரிவிடாமல் படித்தார். படித்தது மட்டுமல்ல, பழைய அச்சகப் பழக்கத்தில் அவர்களுடைய எழுத்துப் பிழைகளையெல்லாம் திருத்திப் பின்னூட்டம் போட்டார். "மூன்றாம் பத்தி, இரண்டாம் வரி: 'பள்ளம்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும்." கீழே தன் வலைப்பூவின் முகவரி.

இப்படி ஒரு வருடம் போனது. அந்த இதழில் எழுதும் மூவரில் ஒருவர் முன்னாள் நில அளவையாளர். அரசு வேலையில் இருந்து விலகிய பெண்மணி. யாருடா இது நமக்குப் புள்ளி வைத்துக்கொண்டே இருப்பது என்று ஒரு சனிக்கிழமை அத்தானின் வலைப்பூவைத் திறந்திருக்கிறார். திறந்தவர் மூடவில்லை. முதல் பதிவிலிருந்து தொடங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, ஒன்பது வருடத்தையும் படித்துவிட்டார். திங்கட்கிழமை அத்தானின் வலைப்பூவில் இப்படி ஒரு பின்னூட்டம் வந்தது:

"ஐயா, உங்கள் ஹாலில் ஊற்றும் தண்ணீர் எட்டு வருடமாகப் பால்கனிக்குப் போனது. சென்ற பங்குனியில் 'இன்று தண்ணீர் யோசித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து, 'சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, யார் மேல் கோபமோ' என்று. இப்போது இரண்டு மாதமாகச் சமையலறைக்கு வருகிறது. நீங்கள் அதைச் சிரிப்பாக எழுதுகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வந்து பார்க்கலாமா?"

அத்தான் அன்று எனக்குப் போன் செய்தார். அதுவரை தானாக எனக்குப் போன் செய்தவரே இல்லை. "ஒருத்தர் எல்லாத்தையும் படிச்சிருக்காங்கம்மா" என்றார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எல்லாத்தையும். முதல்ல இருந்து." அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சர்வேயர் அம்மா மறுநாளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து அவர் எடுத்தது பெரிய கருவி எதுவும் இல்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடி மாதிரித் தெரியும் ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைச் சமையலறை நிலைச்சட்டத்தில் அத்தான் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவர் பால்கனிக் கதவுக்குப் போனார். இரண்டு முனையிலும் தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்தார். 

"எவ்வளவு?" என்றார் அத்தான்.

சர்வேயர் அம்மா தன் கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். "இந்த ரெண்டு கணு அளவு. உங்க வீடு பின்பக்கமா உட்காருதுங்க."

அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பால்கனி தெருப்பக்கம், சமையலறை பின்பக்கம். பின்பக்கச் சுவரை ஒட்டிப் பதினான்கு மாதமாக ஒரு பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வரப்போகும் கடை வளாகத்துக்கு நிலத்துக்கடியில் மூன்று தளம் கார் நிறுத்துமிடம். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை ராட்சத மோட்டார்கள் உறிஞ்சிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அத்தானுக்கு அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது.

"மோட்டார் எப்ப போட்டாங்கன்னு தெரியுமா?" என்று சர்வேயர் அம்மா கேட்டார்.

அத்தான் வலைப்பூவில் தேடினார். இருந்தது. "இன்று பின்பக்கம் மோட்டார் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடுங்குகின்றன. அவற்றுக்குக் கேட்கிறது போல." தேதி போட்டு. இரண்டாவது மோட்டார் வந்த நாளும் இருந்தது. குளியலறைக் கதவு தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்த நாள் இருந்தது. வாணலியில் எண்ணெய் ஒரு ஓரமாக ஒதுங்கிய நாள் இருந்தது. அடுப்பின் கால் சரியில்லை என்று நினைத்து அட்டை மடித்து வைத்ததாகவும் எழுதியிருந்தார். சர்வேயர் அம்மா ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டு வந்தார். குறிக்கக் குறிக்க அவர் எழுதும் வேகம் குறைந்தது. கடைசியில் பேனாவை மூடிவிட்டு அத்தானைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னங்க இது?" என்று அத்தான் பதறிப்போனார்.

"நாங்க கருவி வச்சா மாசத்துக்கு ஒரு தடவை அளப்போம். அதுவும் வச்சாத்தான். நீங்க ஒருநாள் விடாம ஒன்பது வருஷம் அளந்திருக்கீங்க."

"நான் எங்க அளந்தேன்? தொடைச்சேன்."

அந்த வாரமே இதழில் கட்டுரை வந்தது. கட்டுரை என்றுகூடச் சொல்ல முடியாது. மேலே நாலு வரி விளக்கம். கீழே அத்தானின் வரிகள், தேதிவாரியாக, முப்பத்தேழு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில் சர்வேயர் அம்மாவின் அளவு.

முதலில் கொதித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். பத்தரை மணி என்றுகூடப் பார்க்கவில்லை. ஈரத் தரையில் செருப்போடு நடந்து வந்தார்.

"சார், நீங்க பொழுதுபோகாம எதையாவது எழுதுவீங்க. நாளைக்கு இந்தக் கட்டடத்துல ஒரு வீட்டை விக்க முடியுமா? வாடகைக்கு யாராவது வருவாங்களா? பேப்பர்ல வந்துச்சா? டிவில வந்துச்சா? ஏதோ மூணு பேர் நடத்துற பக்கம்!"

அத்தான் இடது காதைத் திருப்பிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "செருப்புல தண்ணி இருக்கு பாருங்க. எந்தப் பக்கம் போகுது?" என்றார்.

செயலாளரின் செருப்பிலிருந்து வழிந்த நீர் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்குள் கட்டுரை கட்டடத்தின் வாட்ஸப் குழுவுக்குள் வந்துவிட்டிருந்தது. இரண்டாவது மாடியிலிருந்து ஒரு தையற்காரம்மா எழுதினார்: "எங்க வீட்டு பாத்ரூம் கதவும் அப்படித்தான். பேய்னு நெனச்சோம்." ஐந்தாவது மாடியில் ஒரு வங்கி ஊழியர்: "என் மகன் பென்சில் வச்சா உருண்டு போகுது. அவனை அடிச்சேன், ஒழுங்கா வைக்கலைன்னு." ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அத்தனை வீட்டிலும் எத்தனையோ கதவுகளும் தட்டுகளும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. எல்லோரும் தன் வீட்டுக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு எல்லோரும் அவரவர் ஹாலின் நடுவில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவது என்று முடிவானது. அதை முன்மொழிந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே செயலாளர்தான்.

நான் அன்று அங்கே இருந்தேன். நாற்பத்திரண்டு வீட்டில் முப்பத்தாறு வீட்டில் ஆள் இருந்தார்கள். எல்லா வாசல் கதவுகளையும் திறந்தே வைத்திருந்தார்கள். நான் மூன்றாம் மாடியில், அத்தான் வீட்டு வாசலுக்கு வெளியே, நடையில் நின்றுகொண்டேன். காவலாளி கீழேயிருந்து விசில் ஊதினார். ஒரே நேரத்தில், ஆறு மாடியிலும், தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அமைதி. அப்படி ஒரு அமைதியை அவ்வளவு ஆட்கள் இருக்கும் இடத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்பக்க மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

நடையில் நின்று பார்த்தால் இடப்பக்கம் மூன்று வீட்டின் ஹால் தெரிந்தது, வலப்பக்கம் இரண்டு. ஒரு வீட்டில் பளிங்குத் தரை, ஒரு வீட்டில் சிவப்பு ஓடு, ஒரு வீட்டில் பூப்போட்ட டைல்ஸ். ஐந்திலும் தண்ணீர் கொஞ்சம் அகலமாகப் பரவியது, நின்றது, பிறகு ஒரு விரல் நீண்டது மாதிரி நீண்டு சமையலறைப் பக்கம் புறப்பட்டது. யாரோ கூப்பிட்ட மாதிரி. மேல்மாடியிலிருந்து ஒரு பெண் குரல், "பின்னாடி போகுது!" என்றது. கீழேயிருந்து இன்னொன்று, "எங்களுக்கும்!" பிறகு குரல்கள் கலந்துவிட்டன. முப்பத்தாறு வீட்டிலும், ஒன்றுவிடாமல், தண்ணீர் பள்ளத்தைத்தான் பார்த்துப் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் அத்தான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் நின்று அவர் தோளில் கை வைத்திருந்தாள். பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நாலு பேர் எதிரில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மாநகராட்சிக்குப் போனார்கள், தண்ணீர் ஓடிய படங்களோடு. பொறியாளர்கள் வந்தார்கள், இந்த முறை உண்மையான கருவிகளோடு. இரண்டு நாள் அளந்தார்கள். மூன்றாம் நாள் பள்ளத்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, குடியிருப்பவர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். முனகல் இருந்தது, அழுகை இருந்தது. ஆனால் ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. தன் வீட்டுத் தண்ணீர் போன பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். நாலு நாளில் கட்டடம் காலியானது. அத்தானும் அக்காவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

காலியான ஒன்பதாம் நாள் காலையில் மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. பதினொரு மணி இருக்கும், கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் ஆணியில் ஆடின. அப்புறம்தான் சத்தம் வந்தது.

ஓடினேன். பள்ளத்தின் சுவர் சரிந்து, அதோடு கட்டடத்தின் பின்பாதியும் உள்ளே போயிருந்தது. ஆறு மாடிச் சமையலறைகள், நாற்பத்திரண்டும், இல்லை. தூசி அடங்கியதும், பள்ளத்துக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து ஹால்கள் மட்டும் அடுக்கடுக்காகத் தெரிந்தன, திறந்த அலமாரி மாதிரி. ஒரு வீட்டில் பச்சைச் சுவர், ஒரு வீட்டில் மஞ்சள். மூன்றாம் மாடியில் அத்தான் வீட்டின் வெளிர்நீலம். காலை பதினொரு மணி. வழக்கமான நாளாக இருந்திருந்தால் அந்தச் சமையலறைகளில் முப்பது பேராவது நின்றுகொண்டிருப்பார்கள். அக்கம்பக்கத்தில் தங்கியிருந்து சத்தம் கேட்டு ஓடிவந்த அவர்கள் அத்தனை பேரும் எனக்கு முன்னால் தெருவில் மழையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரம்மா ஒவ்வொரு மாடியாக விரல் நீட்டி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒருவரும் குறையவில்லை.

அத்தான் ஒரு ஓரமாக நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். 

"சத்தம் எனக்கே கேட்டுச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று மாலை எல்லாத் தொலைக்காட்சியும் வந்தது. பெரிய நாளிதழும் வந்தது, முதல் பக்கத்தில். அத்தான் யாருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. "அந்த மூணு பேர்கிட்ட கேளுங்க, அவங்கதான் எழுதினாங்க" என்று அனுப்பிவிட்டார்.

விசாரணை அடுத்த மாதம் தொடங்கியது. பெரிய கூடம், உயரமான மேசை, விசாரணை அதிகாரி, சுருக்கெழுத்தர்கள். கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் அத்தானை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்.

"எந்தக் கருவியை வச்சு இதையெல்லாம் பதிவு பண்ணீங்க?"

"மாப்பு."

கூடம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். "கனம் அதிகாரி அவர்களே, பொறுக்கி எடுத்த முப்பத்தேழு வரியைக் காட்டுகிறார்கள். மீதியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? முழுவதையும் படிக்க வேண்டும்" என்றார். 

அதிகாரி, "சரி, படிப்போம்" என்றார். பள்ளம் தோண்டுவதற்கு இரண்டு வருடம் முன்னாலிருந்து கடைசி நாள் வரை, எல்லாப் பதிவுகளையும் ஒரு எழுத்தர் உரக்கப் படிக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்று நாள் ஆனது.

அந்த மூன்று நாளும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். எழுத்தர் ஒல்லியான மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்தார். "இன்று அவளுக்கு ஏழு அறுவை சிகிச்சை. வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டேன்." "இன்று மகள் பின்னலை நானே போட்டுக்கொள்கிறேன் என்றாள். சீப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கைக்கு வேலை இல்லாமல் போனது." "இன்று ஒன்றும் விசேஷமில்லை. தண்ணீர் பால்கனிக்குப் போனது." முதல் அரைமணி கூடத்தில் ஆட்கள் நெளிந்தார்கள். பிறகு நெளியவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தபோது யாரும் எழவில்லை. அதிகாரிதான் நினைவு வந்து மணியடித்தார். ஒரு சாதாரண வீட்டின் காலைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. எல்லாமே எனக்குத் தெரிந்த வீடு, தெரிந்த ஆட்கள். எதுவுமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் எழுத்தர் ஒரு தேதியைப் படித்தார். எனக்குக் கல்யாணத்துக்குப் பேசி முடித்திருந்த இடம் கைவிட்டுப்போன நாள் அது. வீட்டில் சொல்லாமல், எங்கே போவதென்று தெரியாமல், அக்கா வீட்டுப் படியேறியிருந்தேன்.

"இன்று மச்சினிச்சி வந்தாள். கண்ணில் லென்ஸ் தூள் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டு கண்ணிலும் எப்படி விழும். தரை ஈரம். பரவாயில்லை வா என்றேன். ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன். எதுவும் கேட்கவில்லை. இரண்டு டீ குடித்தாள். வாசலிலிருந்து சமையலறை வரை அவள் கால்தடம் இருக்கிறது. இன்று திரும்பத் துடைக்கப்போவதில்லை."

எழுத்தர் அதையும் ஏற்ற இறக்கமில்லாமல்தான் படித்தார். எனக்கு முன்வரிசையில் அத்தானின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா திரும்பினாள். அன்று நான் அழுதுகொண்டு வந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத்தர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த தேதிக்குப் போனார்.

தீர்ப்பு ஏழு மாதத்தில் வந்தது. நிறுவனமே அதே இடத்தில் கட்டடத்தைத் திரும்பக் கட்டித்தர வேண்டும்; கட்டுவதை மாநகராட்சி வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். இப்போது இரண்டாம் மாடி எழும்பிவிட்டது. அதுவரை அத்தான் குடும்பம் எங்கள் தெருவிலேயே ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. விசாரணை நடந்தபோது அவருடைய வலைப்பூவை ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பிறகு கூட்டம் குறைந்து, இப்போது இருநூறு முந்நூறில் நிற்கிறது. குறைந்தபோதுதான் அவர் முகத்தில் பழைய தெளிவு வந்தது.

சர்வேயர் அம்மாவின் இதழில் இப்போது ஒரு புதுப் பக்கம் இருக்கிறது. தங்கள் வீட்டைப் பற்றித் தினமும் நாலு வரி எழுதுகிறவர்களின் பட்டியல். எங்கெங்கோ இருக்கிறவர்கள், முகம் தெரியாதவர்கள். நேற்று எண்ணிப் பார்த்தேன், அறுநூற்றுப் பதினெட்டுப் பேர். ஒரு மீன் வலை பின்னுகிறவர் எழுதுகிறார். மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவரின் மனைவி எழுதுகிறார். கண் தெரியாத ஒரு இசை ஆசிரியர், தன் வீட்டில் காலையில் கேட்கும் சத்தங்களை வரிசைப்படி எழுதுகிறார். போன வாரம் அந்தச் சத்தங்களில் புதிதாக ஒரு அணில் சேர்ந்திருக்கிறது.

கடை திறப்பதற்கு முன்னால் தினமும் உட்கார்ந்து படிக்கிறேன். உண்மையாகவே படிக்கிறேன்.